தோட்டத்துக்கு ஒரு கடிதம் வந்தால்

இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில் ஒரு கடிதம் எப்படி வீட்டுக்கு வந்து சேர்கிறது என்பதிலிருந்துதான் இதைத் தொடங்க வேண்டும். தொழிலாளர் குடியிருக்கும் பெரும்பாலான லயங்களுக்கு, அதாவது வரிசை வீடுகளுக்கு, தனி முகவரி கிடையாது. வீட்டு இலக்கமும் இல்லை, வீதிப் பெயரும் இல்லை. பெயரையும் டிவிஷனையும் (தோட்டத்தின் பிரிவு) தோட்டத்தின் பெயரையும் மட்டும் எழுதிய உறை தோட்டத்து ஒப்பீசுக்கு வரும். அங்கிருந்து யார் கையிலாவது கொடுத்து அனுப்புவார்கள். ஒரே தோட்டத்தில் ஒரே பெயரில் நாலு பேர் இருந்தால் கடிதம் நாலு வீடும் சுற்றி வரும். மழை நாளில் இன்னும் இரண்டு நாள் கூடும். நீதிமன்ற அறிவித்தலாக இருந்தாலும் பயணம் இதுதான்.

வந்து சேர்ந்த கடிதம் சிங்களத்தில் இருந்தால் வாசிக்க ஆள் தேட வேண்டும். வாசிக்கத் தெரிந்த பையன் கொழும்பில் கடை வேலைக்குப் போயிருந்தால் அவன் தீபாவளிக்குத்தான் வருவான். இப்படியே வழக்குத் தவணையும் மேன்முறையீட்டுக்கான கடைசி நாளும் போய்விடுகின்றன.

சட்ட ஆலோசனை என்றாலே கோட்டு போட்ட சட்டத்தரணியும் பெரிய ஃபீஸும்தான் நம் ஆட்களின் மனதில் வருகின்றன. உண்மையில் ஒரு சாதாரணக் குடும்பத்துக்குத் தேவைப்படும் ஆலோசனையில் முக்கால்வாசி அதற்கு முந்திய கட்டத்திலேயே இருக்கிறது. இது என்ன கடிதம், எத்தனை நாளுக்குள் பதில் கொடுக்க வேண்டும், எந்த ஒப்பீசுக்குப் போக வேண்டும், என்ன பத்திரம் கொண்டுபோக வேண்டும் என்ற நான்கு கேள்விகள்தான் அவை. காசு வாங்காமல் இவற்றுக்குப் பதில் சொல்லும் இடங்கள் மலையகத்தில் இருக்கின்றன. அவை சிதறிக் கிடக்கின்றன, எது எதற்கு என்று சொல்ல ஆள் இல்லை. நம் மக்கள் இழப்பது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் என்பது என் எண்ணம்.

துண்டுச் சீட்டிலிருந்து தலைவர் வரை

இந்த இடைவெளிக்கு ஒரு வரலாறு இருக்கிறது. தோட்டத் தொழிலாளியின் வாழ்க்கையில் மிக அதிகாரமாக இருந்த முதல் காகிதம் ‘துண்டு’. ஒருவர் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், அவர் தலையில் எவ்வளவு கடன் இருக்கிறது என்று எழுதிய சீட்டு அது. புதிய தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆளை எடுக்கும். கடன் அப்படியே கூடவே நகரும். கணக்கு, ஆட்களைத் திரட்டி வேலை வாங்கிய கங்காணியின் கையில் இருந்தது, எழுதியிருப்பதை வாசிக்கத் தெரியாதவர் தலையில் பாரம் இருந்தது. 1921இல்தான் இந்த முறை சட்டப்படி ஒழிந்தது.

1931இல் அகில இலங்கைத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கிய கோ. நடேசய்யர் இதை நன்றாகப் புரிந்துகொண்டவர். பத்திரிகை, துண்டுப் பிரசுரம் என்று தொழிலாளியின் உரிமைகளைத் தமிழிலேயே எழுதிப் பரப்பினார். அவருடைய மனைவி மீனாட்சி அம்மாள் அதைப் பாட்டாக்கித் தோட்டம் தோட்டமாகப் பாடினார். எழுத்துத் தெரியாதவரிடம் சட்டத்தைக் கொண்டுபோக அதைவிட நல்ல வழி அந்தக் காலத்தில் இருந்திருக்க முடியாது. மலையகத்தில் இலவச சட்ட ஆலோசனை என்று ஒன்று தொடங்கியது அங்கேதான் என்று நான் நினைக்கிறேன்.

பிறகு தொழிற்சங்கங்கள் வேரூன்றின. பிரச்சினை என்றால் தோட்டத் தலைவரிடம் சொல்வது, அவர் மாவட்டக் காரியாலயத்துக்குச் சொல்வது, அங்கிருந்து தோட்டத்து மனேஜரான துரைக்குக் கடிதம் போவது என்று ஒரு பாதை அமைந்தது. “தலைவர்கிட்ட சொல்லியாச்சு” என்பது இன்றைக்கும் லயத்தில் கேட்கிற வார்த்தை. சம்பளம், அரைப்பேர் (அரை நாள் சம்பளம்), லீவு, ஒழுகும் கூரை போன்றவற்றுக்கு அந்தப் பாதை வேலை செய்திருக்கிறது. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் இன்றைய லயத்தில் எத்தனை பேர் பிரட்டுக்கு, அதாவது காலையில் தோட்ட வேலைக்குப் பேர் கொடுக்க, போகிறார்கள்? மகன் கொழும்பில் கடையில், மகள் ஆடைத் தொழிற்சாலையில், மருமகன் ஆட்டோ ஓட்டுகிறார், சித்தி குவைத்தில். இவர்களுடைய பிரச்சினைகள் தோட்டத்து ஒப்பீசில் தீர்கிற பிரச்சினைகள் அல்ல. குழுக் கடன், ஆட்டோ லீசிங், அடகு வைத்த நகை, பிறப்புப் பத்திரத்தில் பெயர்ப் பிழை, விட்டுப்போன கணவனிடமிருந்து பிள்ளைச் செலவு என்று அவை வேறு பக்கம் போய்விட்டன. ஓய்வு பெற்றவருக்குச் சங்கச் சந்தா நிற்கிறது, சில இடங்களில் கவனிப்பும் அதோடு நின்றுவிடுகிறது. காசு கைக்கு வர வேண்டிய வயதே அதுதான்.

ஈபிஎப் காசும் பெயர்ப் பிழையும்

அந்தக் காசைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஒரு தோட்டத் தொழிலாளி வாழ்நாளில் மொத்தமாகப் பார்க்கும் பெரிய தொகை அதுதான்.

ஊழியர் சேமலாப நிதி, நாம் ஈபிஎப் என்று சொல்வது, 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தில் வந்தது. சம்பளத்திலிருந்து 8 சதவீதம் வெட்டுவார்கள், கம்பெனி 12 சதவீதம் போட வேண்டும். மாதம் 20,000 ரூபா சம்பளத்துக்கு உங்கள் 1,600, கம்பெனியின் 2,400, ஆக 4,000 ரூபா நிதிக்குப் போக வேண்டும். ஈடிஎப், அதாவது ஊழியர் நம்பிக்கை நிதியம், வேறு கணக்கு. அது 1980இல் வந்தது, கம்பெனி மட்டுமே 3 சதவீதம் போடும், உங்கள் சம்பளத்தில் கைவைக்கக் கூடாது. ஈபிஎப் காசைப் பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும், வேலையிலிருந்து நின்ற பிறகு எடுக்கலாம்.

மூன்றாவது, சேவைக்காலப் பணம். 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற இடத்தில் 5 வருடம் முடித்தவருக்கு இது உரிமை என்று 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. நாள் சம்பளக்காரருக்கு ஒரு வருடத்துக்கு 14 நாள் சம்பளம், அதுவும் கடைசியாக வாங்கிய சம்பளக் கணக்கில். 2024 செப்டம்பரில் நிர்ணயிக்கப்பட்ட நாள் சம்பளமான 1,350 ரூபாவை எடுத்துக்கொள்வோம். 30 வருடம் வேலை செய்தவருக்கு 1,350 பெருக்கல் 14 பெருக்கல் 30, அதாவது 5,67,000 ரூபா. வேலை முடிந்து 30 நாளுக்குள் இதைக் கொடுக்க வேண்டும். தாமதித்தால் தாமதத்துக்குத் தக்கபடி 10 முதல் 30 சதவீதம் வரை மேலதிகமாகச் சேரும். ஈபிஎப் கட்டாமல் விட்டாலும் இப்படி 50 சதவீதம் வரை மேலதிகக் கட்டணம் ஏறும். தோட்டம் கொடுக்கவில்லை என்றால் தொழில் திணைக்களமே நீதவான் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு அறவிடலாம். தொழிலாளி சட்டத்தரணி பிடிக்கத் தேவையில்லை. லேபர் ஒப்பீசில் முறைப்பாடு எழுதிக் கொடுத்து, கொடுத்ததற்கு ஒரு தடயம் வாங்கி வைத்தால் போதும். “தோட்டத்துல காசு இல்லையாம், பாத்துத் தருவாங்களாம்” என்ற பதிலோடு வருடக்கணக்காகக் காத்திருப்பவர்களுக்கு இதை யாராவது சொல்ல வேண்டும்.

சரி, காசு நிதியில் ஒழுங்காக இருந்தாலும் எடுக்க முடியாமல் போவது ஏன்? பெயர்தான் காரணம். என் பெரியம்மாவின் பிறப்புப் பத்திரத்தில் முத்தாயி, தோட்டத்து செக்ரோலில் (வேலைப் பதிவேட்டில்) முத்தம்மா, அடையாள அட்டையில் இன்னொரு விதம். பிறப்பைப் பதிந்தவர் காதில் விழுந்ததை வேறு மொழியில் எழுதினார், கணக்கப்பிள்ளை லயத்தில் கூப்பிடுகிற பெயரை எழுதினார். முப்பது வருடம் ஒரே மலையில் கொழுந்து எடுத்த பெண், காகிதத்தில் மூன்று பேராக இருந்தார். இதைச் சரிசெய்து காசு எடுத்துத் தர டவுனில் ஒருவர் பத்தில் ஒரு பங்கு கேட்டார். கடைசியில் தேவைப்பட்டது இவ்வளவுதான்: இந்தப் பெயர்கள் எல்லாம் ஒரே ஆளையே குறிக்கின்றன என்று ஒரு சத்தியக்கடதாசி, தோட்டத்திலிருந்து ஒரு சேவைக் கடிதம், கிராம சேவகரின் உறுதிப்படுத்தல். சத்தியக்கடதாசியில் ஒப்பமிட்டது பக்கத்து டிவிஷனில் இருந்த சமாதான நீதவான். அது கௌரவப் பதவி, அவர் ஒரு சதம் வாங்கவில்லை. இரண்டு வருடம் அலைந்த பிறகுதான் இது எங்களுக்குத் தெரிய வந்தது. அந்த இரண்டு வருடத்தை நினைத்தால் இன்றைக்கும் மனம் ஆறவில்லை.

ஆகவே இன்னும் வேலையில் இருப்பவர்கள் ஓய்வு வரை காத்திருக்கக் கூடாது. ஈபிஎப்பின் அங்கத்துவ விபரம் உள்ள B அட்டையை இப்போதே எடுத்து அடையாள அட்டையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தோட்டம் மாறியவர்களுக்கு இரண்டு அங்கத்துவ இலக்கங்கள் இருக்கலாம், இரண்டையும் எழுதி வையுங்கள். பின்னுரித்தாளியாக, அதாவது உங்களுக்குப் பிறகு காசு பெற வேண்டியவராக, யார் பெயர் கொடுத்திருக்கிறது என்றும் பாருங்கள். கல்யாணத்துக்கு முன் கொடுத்த பெயர் அப்படியே கிடந்து, பிறகு மனைவி பிள்ளைகள் அலைந்த கதைகள் எல்லா டிவிஷனிலும் உண்டு.

வேலையை விட்டு நிறுத்தியிருந்தால் அதற்குத் தனிக் கதவு இருக்கிறது, தொழில் நியாயசபை. நிறுத்திய நாளிலிருந்து 6 மாதத்துக்குள் மனுப் போட வேண்டும். கொழும்பில் கடையிலிருந்து திடீரென்று அனுப்பப்பட்ட பையன்களுக்கும் இது பொருந்தும். அவர்களில் பலர் ஊருக்கு வந்து சும்மா இருந்தே அந்த 6 மாதத்தையும் விட்டுவிடுகிறார்கள்.

கடன்

குழுக் கடன் லயத்து வாசலுக்கே வருகிறது. பெண்கள் சிலரைச் சேர்த்து ஒரு குழு, ஒருவருக்கு மற்றவர் பிணை, கிழமைக்கு ஒருமுறை கட்ட வேண்டும். கையெழுத்துப் போடும்போது பார்ப்பது கைக்கு வரும் தொகையையும் கிழமைத் தவணையையும் மட்டும்தான். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 50,000 ரூபா கடன், கிழமைக்கு 1,300 ரூபா, 52 கிழமை. மொத்தம் கட்டுவது 67,600. வட்டி 17,600, அதாவது 35 சதவீதம் என்று தோன்றும். ஆனால் அந்த 50,000 ரூபாவும் வருடம் முழுக்க உங்கள் கையில் இருக்கவில்லை. முதல் கிழமையிலிருந்தே திருப்பிக் கொடுத்துக்கொண்டு வருகிறீர்கள். மீதியாக இருக்கும் கடனை வைத்துக் கணக்குப் பார்த்தால் வருட வட்டி 60 சதவீதத்தைத் தாண்டுகிறது. இந்தக் கணக்கைக் கடன் எடுப்பதற்கு முந்திய நாள் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து போட்டுக் காட்டினால், அதுவே பெரிய ஆலோசனை. ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன், அதைக் கட்ட நகை அடகு என்று போன பிறகு ஆலோசகருக்குச் செய்ய மிச்சம் இருப்பது கொஞ்சம்தான்.

கடன் கொடுத்தவர் யார் என்பதும் முக்கியம். மத்திய வங்கியின் அனுமதி பெற்ற வங்கியாகவோ நிதிக் கம்பெனியாகவோ இருந்தால், அவர்கள்மீது மத்திய வங்கியிடமே முறையிடலாம். அதற்கான இலக்கம் 1935. தனியாள் வட்டிக்குக் கொடுத்திருந்தால் 1918ஆம் ஆண்டின் காசுக்கடன் கொடுத்தல் கட்டளைச் சட்டம் என்று ஒரு பழைய சட்டம் இருக்கிறது. புரோநோட்டில் உண்மையாகக் கைக்கு வந்த தொகை, முன்கூட்டியே கழித்த வட்டி, வட்டி வீதம் மூன்றும் தனித்தனியாக எழுதப்பட வேண்டும் என்று அது சொல்கிறது. நம் ஊர்களில் வெற்றுப் புரோநோட்டில் கையெழுத்து வாங்கி வைப்பது சாதாரணமாக நடக்கிறது. அப்படிக் கையெழுத்துப் போட்டவர்கள் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். அநியாய வட்டியை மறுபடி கணக்குப் பார்க்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

தவணை தவறினால் கடன் வசூலிக்க வரும் கலெக்டர் வீட்டு வாசலில் உட்கார்ந்துவிடுவார், அக்கம்பக்கத்தில் சத்தம் போடுவார். நீதிமன்றக் கட்டளை இல்லாமல் வீட்டுக்குள் புகுந்து பாத்திரமோ டீவியோ தூக்கிப்போக அவருக்கு அதிகாரம் கிடையாது. மிரட்டினால் பொலிஸில் முறைப்பாடு போடலாம். வெட்கத்துக்குப் பயந்து பேசாமல் இருப்பதால்தான் இது நடக்கிறது. கடன் வாங்கியது குற்றம் இல்லை, கட்ட முடியாமல் போவதும் குற்றம் இல்லை. அது சிவில் விஷயம்.

ஆனால் நீதிமன்றக் கடிதம் வந்துவிட்டால் பேசாமல் இருக்கவே கூடாது. 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவிடல் சட்டத்தின் கீழ் வங்கிகளும் நிதிக் கம்பெனிகளும் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகும்போது, உங்களுக்கு எதிரான கட்டளை முதலிலேயே நிபந்தனையோடு வந்துவிடும். குறித்த தேதியில் போய் உங்கள் பக்கத்து நியாயத்தைச் சொல்ல அனுமதி கேட்க வேண்டும். போகாவிட்டால் அது உறுதியாகிவிடும். தோட்டத்து ஒப்பீசு மேசையில் அந்த உறை பத்து நாள் கிடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

காசு வாங்காத கதவுகள்

சட்டத்தரணி வைக்க வசதி இல்லாதவர்களுக்காக 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது சட்ட உதவி ஆணைக்குழு. நீதிமன்றங்கள் இருக்கும் டவுன்களில் அதன் நிலையங்கள் இருக்கின்றன. ஆலோசனை எல்லாருக்கும் இலவசம், வழக்குப் பேசித் தர உங்கள் வருமானத்தைப் பார்ப்பார்கள். தாபரிப்பு (வாழ்க்கைச் செலவு கேட்கும்) வழக்குகள் அங்கே நிறையப் போகின்றன. 1999ஆம் ஆண்டின் தாபரிப்புச் சட்டப்படி வசதி உள்ள கணவனோ மனைவியோ மற்றவருக்குச் செலவு கொடுக்க வேண்டும், பிள்ளைகளுக்குக் கட்டாயம் கொடுக்க வேண்டும். முறைப்படி கல்யாணம் பதியாவிட்டாலும் பிள்ளைக்கு உரிமை உண்டு. “பதியல, அதனால கேக்க முடியாது” என்று நினைத்து ஒதுங்கும் தாய்மார் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். வீட்டில் அடி உதை என்றால் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, பிள்ளைகளுக்கானது 1929.

அக்கம்பக்கத்துச் சண்டை, எல்லைத் தகராறு, சின்னக் கொடுக்கல் வாங்கல் ஆகியவற்றுக்கு மத்தியஸ்த சபை. பழைய ஆட்கள் இணக்க சபை என்பார்கள். 1958இல் வந்த அந்தப் பழைய சபைகள் போய், 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தோடு இப்போதைய சபைகள் வந்தன. பெரும்பாலும் சனி, ஞாயிறில் பள்ளிக்கூடத்தில் கூடுவார்கள், அதனால் ஒரு நாள் பேர் (நாள் சம்பளம்) போகாது. இந்தப் பக்கம் ஒரு மத்தியஸ்தரைத் தெரிவு செய்யும், அந்தப் பக்கம் ஒருவரைத் தெரிவு செய்யும், அவர்கள் இருவரும் சேர்ந்து மூன்றாமவரைத் தெரிவு செய்வார்கள். சட்டத்தரணி வந்து பேச முடியாது. நம் மக்களுக்கு இதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது, பணம் உள்ளவரும் இல்லாதவரும் ஒரே மேசையில் தாங்களே பேச வேண்டும். இணக்கம் வராவிட்டால் அதற்கு ஒரு சான்றிதழ் தருவார்கள், சில வகை வழக்குகளை அந்தச் சான்றிதழ் இல்லாமல் நீதிமன்றம் ஏற்றுக்கொள்ளாது. சபையில் தமிழ் பேசுகிற மத்தியஸ்தர் இருக்கிறாரா என்று முதலிலேயே கேளுங்கள், கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

கடையில் வாங்கிய பொருள் பழுது, விலை ஏமாற்று என்றால் நுகர்வோர் அதிகார சபை, இலக்கம் 1977. வெளிநாட்டு வேலை விஷயம் என்றால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989. எந்த அரச ஒப்பீசு என்றே தெரியாவிட்டால் 1919க்கு எடுத்துத் தமிழில் கேட்கலாம். அரசாங்கத்தின் உதவிப்பணமான அஸ்வெசும பட்டியலில் பெயர் விடுபட்டால் பிரதேச செயலகத்தில் மேன்முறையீடு. அதற்கும் நாள் கணக்கு உண்டு.

மொழியைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். தமிழில் எழுதி, தமிழில் பதில் பெறும் உரிமை அரசியலமைப்பின் நாலாம் அத்தியாயத்திலேயே இருக்கிறது. கடிதத்தைத் தமிழில் தரும்படி எழுதிக் கேட்கலாம். பொலிஸில் கொடுத்த வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதிவிட்டு நீட்டினால், தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லி, புரிந்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

தொலைவில் இருக்கிற டயகமவிலிருந்தோ பொகவந்தலாவையிலிருந்தோ ஒரு கேள்வி கேட்க டவுனுக்குப் போவதென்றால் ஒரு நாள் சம்பளமும் பஸ் காசும் போகும். சரியான பத்திரம் இல்லை என்று திருப்பி அனுப்பினால் இன்னொரு நாளும் போகும். அதனால்தான் ஆலோசனை மலைக்கு ஏறி வர வேண்டும் என்று சொல்கிறேன். சட்ட உதவி ஆணைக்குழு நடமாடும் சேவைகள் நடத்துகிறது, அதைத் தங்கள் தோட்டத்துக்குக் கேட்டு எழுத கோயில் கமிட்டியோ மாதர் சங்கமோ இளைஞர் கழகமோ போதும். ஒவ்வொரு டிவிஷனிலும் ஏ.எல். (உயர்தரம்) முடித்த இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயில் மண்டபத்தில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்தால், கடிதத்தை வாசித்துச் சொல்லலாம், கடைசித் தேதியைக் குறித்துக் கொடுக்கலாம், பத்திரங்களைப் படம் எடுத்து வைக்கலாம், எந்தக் கதவு என்று எழுதிக் கொடுக்கலாம். சட்டம் சொல்லித் தீர்ப்புக் கொடுக்கிற வேலை அவர்களுக்கு வேண்டாம், அதைச் செய்யவும் கூடாது. கேட்டதை வெளியில் பேசாமல் இருக்கத் தெரிந்தால் போதும். பெண்கள் கடனைப் பற்றியும் அடியைப் பற்றியும் சொல்ல வர வேண்டுமென்றால் அந்த மேசையில் ஒரு பெண் பிள்ளை கட்டாயம் இருக்க வேண்டும்.

அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. கடிதத்தோடு வந்த உறையையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதில் தபால் முத்திரைத் தேதி இருக்கும். கடிதம் கைக்கு வந்த தேதியை, கொண்டுவந்து கொடுத்தவர் பெயரோடு, அந்த உறையின் பின்பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். தவணை தவறியது ஏன் என்று நீதிமன்றம் கேட்கும்போது, மேசையில் கிடந்த அந்தப் பத்து நாளைக் காட்ட நம்மிடம் இருக்கக்கூடிய சாட்சி பல நேரம் அந்த உறை ஒன்றுதான்.